புதுப்பிப்பு: ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை

"நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்று தங்கை சொன்னதையும், பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று வீட்டில் தள்ளிவிட்டதையும் போன வாரம் எழுதியிருந்தேன்.

அன்றிரவே நேராகக் கேட்டேன்: "சாகணும்னு தோணுதாடி?" கேட்டால் அந்த எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்று பயம். அப்படி ஆகவில்லை. ரொம்ப நேரம் அழுதாள், அப்புறம் எல்லாம் சொன்னாள். தனியாக விடாமல் கூடவே இருந்தேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைத்தோம், தமிழிலேயே பேசினார்கள்.

மறுநாள் மனநல மருத்துவரிடம் போனோம். தாய்மார்களின் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள். கடைசிக் கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. ஸ்கேன் மாதிரி இதையும் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்கவேண்டாமா?

கர்ப்பம் என்று தெரிந்ததும் மனச்சோர்வு மாத்திரையை அவளாகவே நிறுத்தியிருக்கிறாள். கர்ப்பத்திலும் தரக்கூடிய மருந்தாகப் பார்த்து டாக்டர் மறுபடி தொடங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மறுபடி வரச்சொல்லியிருக்கிறார், நானும் போகிறேன்.