மறு: ரீஃப் டேங்க், அக்ரெசிவ் டேங்க் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கடல்மீன் தொட்டி வைப்போருக்கான கையேட்டில் வரும் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் தொட்டி), அக்ரெசிவ் டேங்க் (பிற உயிர்களைத் தாக்கும் மீன்களுக்கான தொட்டி) என்னும் இவ்விரு சொற்களுக்கு நேற்றுவரை வந்த பரிந்துரைகளைத் தொகுத்துப் பார்த்தேன். முதலாவதற்குப் பவளப்பாறைத் தொட்டி, பவளத் தொட்டி, முருகைத் தொட்டி, பார்த் தொட்டி என நான்கு வந்துள்ளன. இரண்டாவதற்கு ஆக்கிரமிப்பு மீன் தொட்டி, முரட்டுமீன் தொட்டி, சண்டைமீன் தொட்டி என மூன்று. கையேட்டைப் புரட்டப்போகிறவர் புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, இவ்விரண்டில் எதை அமைப்பது என்று தீர்மானிக்க முடியாமல் நிற்பவர். இவை ஒரே தொட்டியில் ஏன் ஒத்துவரா என்பது சொல்லைப் பார்த்த அளவிலேயே அவருக்கு ஓரளவு விளங்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால் இரண்டாம் பட்டியலில் ஒன்றுகூடத் தேறவில்லை என்பது என் கருத்து.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘பவளம்’ என்றால் வாசகர் மணியை நினைத்துக்கொள்வார் என்பதே சிக்கல். நவமணிகளுள் ஒன்றான செம்பவளம், பழைய இலக்கியங்கள் துகிர் என்று குறிப்பது, மத்தியதரைக் கடலில் எடுக்கப்படுவது. அது பாறைத்திட்டு கட்டுவதில்லை, வெளிச்சத்தை நம்பி வாழ்வதுமில்லை. தொட்டியில் வளர்க்கப்படும் பவள உயிர்களுள் பெரும்பாலானவை தம் உடலுக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, அது ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவில் பங்கு வாங்கி உண்பவை. அவற்றுள் கல்லாக வளர்பவை நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டுகின்றன. இவ்வகைக் கல்லுக்கு ஈழத்தில் முருகைக்கல் என்ற பெயர் பாடநூல் வரை வழங்குகிறது. யாழ்ப்பாணக் கோட்டை மதிலிலும் அந்தக் கல்தான் இருக்கிறது. ஆகவே முருகைத் தொட்டி என்பதையே நான் ஏற்கிறேன். தமிழ்நாட்டு வாசகருக்காக முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பவளம் என்று நாம் சொல்லும் முருகை’ என்று எழுதிவிடலாம். தூத்துக்குடி நண்பர் முன்வைத்த ‘பார்’ முத்துக்குளித்தோர் வாயில் புழங்கிய அருமையான சொல். ஆனால் அது கடலடிப் பாறைத்தளத்துக்குப் பொதுப்பெயர். மேலும், ‘பார்த் தொட்டி’ என்று எழுதினால் மெய்ப்புத் திருத்துபவர் ‘பார்த்த தொட்டி’ என்று மாற்றாமல் விடமாட்டார்.

இனி இரண்டாவது. ‘ஆக்கிரமிப்பு’ என்றதும் தமிழ்நாட்டில் எவருக்கும் புறம்போக்கு நிலமும் பொக்லைன் இயந்திரமும்தான் நினைவுக்கு வரும். ‘சண்டைமீன்’ என்பதைக் கண்டவர், சிறுவர்கள் பாட்டிலில் வளர்க்கும் ஃபைட்டர் மீனை எண்ணிக்கொள்வார். ‘முரட்டுமீன்’ மட்டும் காதுக்கு நன்றாக இருக்கிறது. இருந்தாலும் அது குணத்தைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. இங்கேதான் ஆங்கிலச் சொல்லே தடுமாறுகிறது என்று நினைக்கிறேன். டாம்செல் மீன்கள் விரலளவே இருந்தும், தம் மூலைக்கு வரும் எந்த மீனையும் விரட்டிக் கடிக்கும்; ஆனால் முருகைக்கு அவற்றால் ஒரு கேடும் இல்லை. வண்ணத்துப்பூச்சி மீனோ பரம சாது. எனினும் அதன் இனங்களில் பல முருகையின் மொட்டுகளைக் கொறித்தே வாழ்பவை. சிங்கமீன் எவரோடும் சண்டைக்குப் போகாது, முருகையையும் தொடாது. வாய்க்குள் அடங்கும் சிறுமீனையும் இறாலையும் மட்டும் ஓசையின்றி விழுங்கிவிடும். முரடு, சாது என்று பிரித்தால் இம்மூன்றுமே தவறான தொட்டிக்குப் போய்ச் சேரும்.

நானே ஒருமுறை அப்படிச் சேர்த்தவன்தான். என் 4 அடித் தொட்டியில், உள்ளங்கையில் பாதி அளவுள்ள ஒரு கிளாத்தி மீனை, ‘இந்த வயதில் இது என்ன செய்துவிடும்’ என்ற துணிச்சலில் விட்டேன். பாசி தின்பதற்காக விட்டிருந்த நத்தைகள் கண்ணாடியில் ஒட்டி ஊர்ந்துகொண்டிருக்கும். அது ஒன்றைக் கவ்விப் பெயர்த்து, மணலில் மல்லாக்கப் போட்டு, ஓடு மூடுவதற்குள் சதையைக் கொத்தும். பல் ஓட்டில் படும் ‘டக், டக்’ ஓசை கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கும். இரவானதும் பாறை இடுக்கில் புகுந்து, முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். பின்னாலுள்ள சிறுமுள் தளர்ந்தால் ஒழிய அந்தப் பூட்டு திறவாது என்பதால், வலை வைத்தும் பயனில்லை. பாறைகளை எல்லாம் வெளியே எடுத்தே அதைப் பிடித்தேன். அதில் கோபமோ முரட்டுத்தனமோ எனக்குத் தெரியவில்லை. பசித்தது, தின்றது, அவ்வளவுதான். களவா, அஞ்சாலை, பேத்தை ஆகிய மீன்களும் அப்படியே. ஆகவே வேட்டைமீன் தொட்டி என்பதே பொருந்தும் என்று முன்மொழிகிறேன். இடத்துக்காகச் சண்டையிடுபவற்றை ‘எல்லை காக்கும் மீன்’ என்று தனியே குறித்துக்கொள்ளலாம்.

‘ரீஃப் சேஃப்’, அதாவது பவளத்துக்குக் கேடு செய்யாத மீன், என்பதற்கு ஓர் அன்பர் தந்த ‘பவளம் தீண்டா மீன்’ ஓசையில் அழகு. ஆனால் அந்த வினையடி நம் மண்ணில் சுமக்கும் பொருளை நினைத்தால் அதை ஒரு மீன் தொட்டிக்குள் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘பவளப் பாதுகாப்பு மீன்’ என்றால் அது காவலுக்கு நிற்பதாகத் தோன்றும். கத்தரிக்காய் உடம்புக்கு ஆகாது என்று வீட்டில் சொல்கிறோமே, அதுவே போதாதா? முருகைக்கு ஆகும் மீன், முருகைக்கு ஆகாத மீன். ‘வித் காஷன்’ (எச்சரிக்கையோடு) என்று ஆங்கிலத்தில் சேர்க்கும் இடத்தில் ‘பார்த்து விடலாம்’ என்போம். அட்டவணைத் தலைப்புக்குச் சுருக்கம் வேண்டுமெனில் ஆகுமீன், ஆகாமீன் என்று நிற்கும்.

இந்த ‘ஆகாது’ என்பது மீனுக்கு மட்டுமன்றி நீருக்கும் மருந்துக்கும் நீளும் என்பதால் எனக்கு இன்னும் பிடிக்கிறது. வேட்டைமீன்களுக்கு இறைச்சித் தீனி நிறைய வேண்டும்; அதனால் ஏறும் நைட்ரேட்டை அவை பொறுத்துக்கொள்ளும், முருகை பொறுக்காது. முருகைக்குக் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை குறையாமல் நிற்க வேண்டும். வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள் இருப்பது நல்லது, அதாவது சென்னைக் கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் நடவாது. எல்லாவற்றிலும் முக்கியமானது தாமிரம். வெண்புள்ளி நோய்க்கு வேட்டைமீன் தொட்டியில் தாமிர மருந்து விடலாம். முருகைக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், அந்தத் தொட்டியைப் பிறகு முருகைத் தொட்டியாக்குவது பெரும்பாடு. கையேட்டில் ‘தாமிரம் பட்ட தொட்டி முருகைக்கு ஆகாது’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

தொட்டிக்குள் அடுக்கும் கல்லான ‘லைவ் ராக்’ என்பதை உயிர்ப்பாறை என்று ஆக்கியதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கல் உயிருள்ளதன்று, அதில் குடியேறிய நுண்ணுயிர்களே உயிருள்ளவை. தவிர, கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும்போது, மன்னார் வளைகுடாவிலிருந்து யாரேனும் உயிருள்ள கல்லைப் பெயர்த்து வரச் சொல்லும் குறிப்பாக அது படிக்கப்படக் கூடாது. ‘குடியேறிய கல்’ என்பது சரிவருமா என்று சொல்லுங்கள்.

தூத்துக்குடி நண்பரிடம் ஒரு கேள்வி: முருகையைக் கொறிக்கும் மீன்களுக்கென்று மூழ்குவோர் பேச்சில் தனிப்பெயர் ஏதேனும் உண்டா? இருந்தால், மேலே நான் எழுதிய ‘ஆகாமீனை’ மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.