‘கார்டியல்’ என்றால் வெறும் நட்பா?

கேள்வி:
புதுச்சேரியில் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் ‘கார்டியலி இன்வைட்’ என்று அச்சடிக்கிறோம். கார்டியலுக்கு ‘நட்பான’ என்று எழுதினால் சரியா? கயிற்றைக் குறிக்கும் ‘கார்டு’ம் இதுவும் ஒரே வேரா?

பதில் 1:
கயிறு வேறுங்க. அது ‘கோர்டே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குடல், அதில் முறுக்கிய தந்தி என்று பொருள். கார்டியலின் வேர் லத்தீன் ‘கோர்’, அதாவது இதயம். முதலில் ‘இதயம் சார்ந்த’ என்றுதான் பொருள். இதயத்துக்குத் தெம்பூட்டும் பானத்துக்கும் அதே பெயர். கடையில் விற்கும் லைம் கார்டியல் அதன் மிச்சம். ‘உள்ளன்புள்ள’ என்பது பிறகு விரிந்த பொருள். துணிவைக் குறிக்கும் கரேஜ், பதிவைக் குறிக்கும் ரெக்கார்டு இரண்டும் இதே குடும்பம். ரெக்கார்டு என்றால் மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவது, எவ்வளவு அழகு!

பதில் 2:
பத்திரிகைக்கு ‘அன்புடன் அழைக்கிறோம்’. இரு நாட்டு உறவுக்கு ‘சுமுகமான’. எல்லா இடத்திலும் ‘நட்பான’ போட்டால் ‘கார்டியலி டிஸ்லைக்’ வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். அங்கே ‘மனதார வெறுக்கிறேன்’ என்று அர்த்தம்.

பதில் 3:
நம்ம ஊர் பிரெஞ்சுக் கடிதங்கள் ‘கொர்தியால்மான்’ என்று முடியும். வேர் இதயம்தான், ஆனால் இன்று அது சாதாரண அலுவலக முடிப்பு. ‘நெஞ்சார’ என்று மொழிபெயர்த்தால் மிகை, ‘அன்புடன்’ போதும்.