மூன்று லோரா நோடுகளில் ஒன்றின் செய்தி மட்டுமே வருகிறது. பேட்டரியும் 11 நாளில் தீர்ந்துவிடுகிறது

தோப்புக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். ஆனைமலை அருகே உள்ள எங்கள் தென்னந்தோப்பில் மண்ணின் ஈரத்தை அறிந்து சொட்டுநீர் விடுவதற்காக, லோரா எனும் நெடுந்தொலைவு ரேடியோ முறையில் செய்தி அனுப்பும் மூன்று நோடுகள் (சிறு கருவிகள்) வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 3.3 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற கட்டுப்பாட்டுப் பலகை, ஆர்எஃப்எம்95 ரேடியோ, டிஎஸ்3231 கடிகாரம், கெபாசிட்டிவ் ஈரப்பத சென்சார், 2600 மில்லிஆம்பியர்-மணி கொண்ட 18650 பேட்டரி ஆகியவை உள்ளன. கடிகாரத்தின் அலாரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்ப, நோடு 20 பைட் செய்தி ஒன்றை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும். வீட்டில் ஈஎஸ்பி32 பலகை ஒன்று ரிசீவராக எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மோட்டார் அறையில் உள்ள முதல் நோடு வீட்டிலிருந்து 60 மீட்டரிலும், மற்ற இரண்டும் 250, 400 மீட்டரிலும் இருக்கின்றன. தொடக்கத்தில் 400 மீட்டர் நோடு மட்டும் அவ்வப்போது தவறியது. தென்னை மரங்கள் அலையைத் தடுக்கின்றன என்று எண்ணி ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (கூட்டினால் செய்தி மெதுவாக, ஆனால் அதிகத் தொலைவு செல்லும்) 7-லிருந்து 12-க்கும், அனுப்பும் திறனை 20 டிபிஎம்முக்கும் உயர்த்தினேன். அன்றிலிருந்து மோட்டார் அறைச் செய்தி மட்டுமே வருகிறது. பேட்டரியோ 11 நாளைத் தாண்டுவதில்லை. எங்கே தவறு செய்கிறேன் என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஈயப்பற்று:
மோட்டார் அறை நோடையும் 250 மீட்டர் நோடையும் அணைத்துவிட்டு, 400 மீட்டரில் உள்ளதை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்று கடிகாரங்களுக்கும் நேரம் எப்படி வைத்தீர்கள், எந்த அலைவரிசையில் அனுப்புகிறீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

தோப்புக்காரன்:
வியப்பாக இருக்கிறது ஐயா. தனியாக விட்டதும் 400 மீட்டர் நோடின் செய்தி ஒன்றுகூடத் தவறவில்லை. கடிகாரங்களுக்கு மடிக்கணினியில் இருந்து ஒரே நாளில் நேரம் வைத்தேன். மூன்றுக்கும் ஒரு நொடிகூட வேறுபாடு இராது. அலைவரிசை 915 மெகாஹெர்ட்ஸ். எடுத்துக்காட்டு நிரலில் இருந்ததை அப்படியே விட்டிருந்தேன். ஆண்டெனாவாக 82 மில்லிமீட்டர் கம்பி ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஈயப்பற்று:
நீங்கள் பெருமையாகச் சொன்ன கடிகாரத் துல்லியம்தான் சிக்கல். மூன்று நோடுகளும் ஒரே நொடியில் விழித்து ஒரே நேரத்தில் பேசுகின்றன. ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 7-இல், 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 20 பைட் செய்தி வானில் இருக்கும் காலம் ஏறத்தாழ 57 மில்லிநொடிதான். ஆகவே நொடியின் சிறு பகுதியளவே கடிகாரங்கள் விலகியிருந்தபோதும் செய்திகள் ஒன்றையொன்று தப்பித்துச் சென்றன. 12-க்கு உயர்த்தியதும் அதே செய்தி 1.3 நொடி நீள்கிறது, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அப்படி மோதும்போது வலுவாக வருவதையே ரிசீவர் பிடித்துக்கொள்ளும் என்பதால், அருகில் உள்ள மோட்டார் அறை எப்போதும் வெல்கிறது. மரங்களின்மீது பழி போட வேண்டியதில்லை.

ஒவ்வொரு நோடுக்கும் ஐந்து நிமிட இடைவெளி கொடுங்கள்: முதலாவது 0, 15, 30, 45 ஆம் நிமிடங்களிலும், இரண்டாவது 5, 20, 35, 50 ஆம் நிமிடங்களிலும், மூன்றாவது 10, 25, 40, 55 ஆம் நிமிடங்களிலும் எழட்டும். டிஎஸ்3231 நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு நிமிடம் வரை பிசகக்கூடும் என்பதால் இருபது நொடி போன்ற சிறு இடைவெளி போதாது.

தொடக்கத்தில் 400 மீட்டர் நோடு தவறியதற்குக் காரணம் ஆண்டெனாவாகவே இருக்க வேண்டும். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதி உள்ளது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. 915 அமெரிக்காவுக்கு உரியது. 866-க்குக் கால் அலைநீளம் ஏறத்தாழ 86 மில்லிமீட்டர். ஆண்டெனாவைப் பெட்டிக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பிறகு ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 9 போதும்.

மில்லிஆம்பியர்:
பேட்டரியைப் பற்றி நான் சொல்கிறேன். 2600-ஐ 11 நாளின் 264 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 10 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. நீண்ட செய்தியை 120 மில்லிஆம்பியரில் அனுப்பினாலும், 15 நிமிடத்துக்குப் பரப்பினால் அதன் பங்கு 0.17 மில்லிஆம்பியர்தான். அப்படியானால் உங்கள் நோடு உறங்கவே இல்லை. பேட்டரிக் கம்பியில் மீட்டரைத் தொடராக இணைத்து உறக்க நேர மின்னோட்டத்தை அளந்து, ஒவ்வொரு பாகமாக நீக்கிக்கொண்டே வாருங்கள். ப்ராசசரை உறங்க வைத்தால் ரேடியோவும் தானாக உறங்கிவிடாது. அனுப்பி முடித்ததும் அது காத்திருப்பு நிலையில் 1.6 மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்கும். அதற்குத் தனியாக ஸ்லீப் கட்டளை கொடுக்க வேண்டும்.

வழிப்போக்கன்:
லோராவான் (லோராவின் மேல் இயங்கும் வலையமைப்பு முறை) கேட்வே, அதாவது பல நோடுகளின் செய்திகளை வாங்கும் பெட்டி, ஒன்றை வைத்துவிட்டால் மோதல் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடுமே?

ஈயப்பற்று:
தீராது. லோராவானிலும் நோடுகள் ஒன்றையொன்று அறியாமல்தான் அனுப்புகின்றன. கேட்வே பல சேனல்களை ஒருசேரக் கேட்பதால் மோதல் குறையும், அவ்வளவே. மூன்று நோடுகளுக்கு அது வேண்டாத செலவு.

தோப்புக்காரன்:
மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நிமிடங்களைப் பிரித்து, 866-க்கு மாற்றி, ஆண்டெனாவை மூங்கில் கழியில் ஏற்றினேன். மூன்று நோடுகளின் செய்திகளும் தவறாமல் வருகின்றன.

உறக்க மின்னோட்டம் முதலில் 9.4 மில்லிஆம்பியராக இருந்தது. சென்சாருக்கான மின்சாரத்தை ப்ரோ மினியின் ஒரு பின்னில் இருந்து, அளக்கும் நேரத்தில் மட்டும் கொடுத்தபோது 4.6 ஆயிற்று. ரேடியோவை உறங்க வைத்ததும் 3.0. ப்ரோ மினியிலும் கடிகாரப் பலகையிலும் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்த சிறு எல்இடி விளக்குகளைப் பெயர்த்தெடுத்ததும் 0.2-க்கு இறங்கியது. கடுகளவு விளக்குகள் இவ்வளவு குடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. இனி மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிறுத்தும் ரெகுலேட்டரையும் நீக்கிவிட்டு 18650 பேட்டரியை நேரடியாக இணைக்கலாமா?

மில்லிஆம்பியர்:
வேண்டாம். அந்த பேட்டரி முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட் இருக்கும். ரேடியோ சில்லு தாங்கும் உச்ச அளவே 3.9 வோல்ட்தான். ரெகுலேட்டரை நீக்கியே ஆக வேண்டுமென்றால் 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுங்கள். அது முழுதாக ஏறினாலும் 3.65 வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் அதற்கென உள்ள சார்ஜரையே பயன்படுத்த வேண்டும், இப்போது நீங்கள் வைத்திருப்பது அதற்கு ஆகாது. என்னைக் கேட்டால் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். 0.2 மில்லிஆம்பியரில் கணக்குப்படி ஓராண்டுக்கு மேல் ஓடும். அதற்குள் பெட்டிக்குள் எறும்பு புகுந்து நீங்களே ஒருமுறை திறந்திருப்பீர்கள்.