குடம் சுமப்பது உடற்பயிற்சியில் சேருமா?

கேள்வி: ஒரு கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய் உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபாக் (GPAQ) படிவத்தை, அதாவது ஒருவரின் உடலுழைப்பு எவ்வளவு என்று கேட்கும் படிவத்தை, நிரப்புகிறேன். நேற்று ஓர் அக்கா, “உடற்பயிற்சியா? அதுக்கு ஏது தம்பி நேரம்” என்று சிரித்தார். இடுப்பில் நிறைகுடம், முந்தானை முழுக்க ஈரம். அடிபம்புக்கு அது ஐந்தாவது நடையாம். நானும் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டு வந்தேன். சரிதானா?

பதில் 1: சரியில்லை தம்பி. படிவத்தில் வேலை, போய்வருவது, ஓய்வுநேரம் என மூன்று பகுதி உண்டு. சம்பளமில்லாத வீட்டு வேலையும் முதல் பகுதியில் வரும். ஓய்வுநேரத்துக்கு மட்டும்தான் ‘இல்லை’. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தி 1 மெட் என்றால், மிதமான உழைப்புக்கு 4 மெட், கடுமையானதற்கு 8. அதைச் செய்த நிமிடங்களால் பெருக்கி வாரத்துக்கு 600 வந்தாலே போதும், அந்த அக்கா அதைத் தாண்டியிருப்பார். ‘உடற்பயிற்சி’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள், கேட்டதும் ஜிம்தான் ஞாபகம் வரும். பட அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

பதில் 2: ஒரு சிக்கல். தொடர்ந்து 10 நிமிடமாவது செய்ததைத்தான் ஜிபாக் கேட்கிறது. ஒரு நடை நாலு நிமிடம், நடுவில் அரட்டை என்றால்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையே போய்விட்டது, ஆனாலும் படிவத்தில் இருப்பதால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பதில் 3: இங்கிலாந்திலும் இதே கூத்துதான். அங்கே விளையாட்டை வளர்க்கும் பொது அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்து, மக்களின் உடலுழைப்பு பற்றிய தன் முதன்மைக் கணக்கில் தோட்டவேலையைச் சேர்ப்பதில்லை. மண்வெட்டி பிடிக்கும் என் மாமனாருக்கு அதில் ஏக வருத்தம்.

கேட்டவர்: நன்றி. நாளை அந்த அக்கா வீட்டுக்கு மறுபடி போகிறேன். திட்டாமல் இருந்தால் சரி.