முதல் முறை மிதிச்ச அந்த நொடி: ஸ்போர்ட்ஸ் செடான் ஓட்டினவங்க சொல்லுங்க

பாலவாக்கம்காரன்
பிஎம்டபிள்யூ எம்340ஐ டெஸ்ட் டிரைவ் போய்ட்டு வந்ததுல இருந்து ஒரே விஷயம் மண்டையில நிக்குது. விடியக்காலை, ஈசிஆர். உத்தண்டி டோல் தாண்டினதும் சேல்ஸ் தம்பி "ஸ்போர்ட் மோடுல போட்டு ஆக்சிலரேட்டரை மிதிங்க சார்"னார். 374 ஹார்ஸ் பவர், 4.4 செகண்டுல நூறுன்னு எல்லாம் படிச்சுட்டுத்தான் போயிருந்தேன். மிதிச்சதும் கியர்பாக்ஸ் கீழ இறங்க ஒரு கணம். அப்புறம் முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. வீல் சுத்தலை, ஸ்டீயரிங் இழுக்கலை, நாலு சக்கரமும் தரையைப் பிடிச்சுக்கிட்டு கிளம்புது. மீட்டரைப் பார்த்தா நூறு. என் காதுக்கு அது அறுபது மாதிரிதான் இருந்துச்சு. தூரத்துல ஒரு மீன்பாடி வண்டி தெரிஞ்சதும் காலை எடுத்துட்டேன்.

வேகம் என்னைத் தொந்தரவு பண்ணலை. அது வந்ததே தெரியலைங்கறதுதான் பண்ணுது. பழைய வண்டியில நூறுன்னா ஸ்டீயரிங் அதிரும், கண்ணாடியோரம் காத்து கத்தும், உடம்புக்கே தெரியும். இதுல உடம்புக்குச் சேதியே வரலை. வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?

டிராக் தம்பி
அண்ணே, நேர் ரோட்டுல மிதிச்சா எந்த வண்டியைப் பத்தியும் ஒண்ணும் தெரியாது. பவர் இருந்தா எதுவும் பறக்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வாங்க, 3.7 கிலோமீட்டர், அங்கதான் வண்டி வாயைத் திறக்கும்.

நான் ஓட்டினது நண்பனோட புது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 265 குதிரை. இந்தியாவுக்கே 100 வண்டிதான் வந்துச்சு, அதுல ஒண்ணு. முன் சக்கரம் இழுக்கற வண்டி, வளைவுல வெளிய தள்ளும்னு எதிர்பார்த்து ரெடியா இருந்தேன். பாதி வளைவுல ஆக்சிலரேட்டர் கொடுத்தேன். மூக்கு உள்ள திரும்புச்சு! கொடுக்கக் கொடுக்க இன்னும் உள்ள. முன்னாடி இருக்கற டிஃபரன்ஷியல், அதான் ரெண்டு சக்கரத்துக்கும் பவரைப் பிரிச்சுக் கொடுக்கற பாகம், வளைவுல வெளிப்பக்க சக்கரத்துக்கு பவரைத் தள்ளுது, அதான் காரணம். தூங்கப் போகும்போது இன்னும் அந்த வளைவுதான் கண்ணுல வருது. உங்க 4.4 செகண்ட் எனக்கு வேண்டாம்.

வேளச்சேரி 100 அடி
எம்340ஐ நானும் ஓட்டினேன். விஜயநகர் சிக்னல்ல பச்சை விழுந்ததும் லேசாத்தான் தொட்டேன், பக்கத்து ஆட்டோக்காரர் கண்ணாடியில சின்னதாயிட்டார். அவ்வளவுதான் என் கதை.

ஆனா வாங்கற யோசனையில இருக்கறவங்களுக்குச் சில விஷயம் சொல்லணும். ஸ்டார்ட் பண்ணின உடனே மிதிக்காதீங்க, ஆயில் சூடேறட்டும். டயர் காத்தை காலையில, வண்டி ஓடறதுக்கு முன்னாடி பாருங்க, ஓடி சூடான டயர்ல ரீடிங் கூடத்தான் காட்டும். ரன்ஃப்ளாட் டயரா (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்), ஸ்டெப்னி உண்டான்னு ஷோரூம்லயே கேட்டுக்கங்க. ரன்ஃப்ளாட்னா பக்கச்சுவர் விறைப்பா இருக்கும், நம்ம ரோட்டுக் குழியெல்லாம் இடுப்புக்குத் தெரியும். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் எத்தனை ஆக்டேன்னு ஒட்டியிருக்கோ அதுக்குக் கம்மியா போடாதீங்க. பெரிய ஸ்பீடு பிரேக்கர்ல சாய்வா ஏத்துங்க, ஒவ்வொரு சக்கரமா.

முக்கியமானது தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை எங்க ஏரியால யாரும் மறக்கலை. மழை எச்சரிக்கை வந்தாலே எங்க பாலத்துமேல கார் வரிசை கட்டி நிக்கும், பார்த்திருப்பீங்க. தண்ணியில நின்ன வண்டியை ஒருக்காலும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போனா பிஸ்டனால அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் அதுக்குப் பணம் தராது. இன்ஜின் ப்ரொடெக்ட்னு ஒரு கூடுதல் கவர் உண்டு, அதைத் தனியா சேர்த்துக்கங்க. இதை யாரும் கேக்கலைன்னு தெரியும். ஆனா இவ்வளவு காசு போடறவங்க இதைத் தெரிஞ்சுக்காம போகக்கூடாது.

சிங்கபெருமாள்கோவில்
எம்340ஐன்னதும் எழுதத் தோணுச்சு. பிஎம்டபிள்யூ ஆலை எங்க ஊர் பக்கத்துல, மகிந்திரா வேர்ல்ட் சிட்டில 2007-ல தொடங்கினது. 2021-ல இந்த எம்340ஐ வந்தப்போ, பிஎம்டபிள்யூவோட வேக வண்டிகளான எம் வரிசையில இந்தியாவுலயே பூட்டின முதல் வண்டி இதுதான். ஜிஎஸ்டி ரோட்டுல ஒண்ணு என்னை ஓவர்டேக் பண்ணிப் போச்சு, அந்த ஆறு சிலிண்டர் சத்தம் ஒரே சீரா ஏறிக்கிட்டே போச்சு. எங்க ஊர்ல பூட்டின வண்டின்னு பக்கத்து சீட்ல இருந்த பையன்கிட்ட சொன்னேன். ஓட்டினதில்லை, ஆனாலும் என் அனுபவம் இதுதான்.

தென்சென்னைக்காரி
பாலவாக்கம் சார் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லலை, நான் சொல்றேன். எனக்கும் அப்படியே இருந்துச்சு, இன்னும் அதிகமா. எங்க அத்திம்பேரோட புது பிஎம்டபிள்யூ எம்5. 727 குதிரை, வி8னு எட்டு சிலிண்டர் இன்ஜின், கூடவே எலக்ட்ரிக் மோட்டார், எடை 2.4 டன். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல இருந்து வெறும் எலக்ட்ரிக் மோட்டார்லயே, இன்ஜின் சத்தமில்லாம வெளிய வந்தேன். கேட் பக்கத்துல வாட்ச்மேன் தாத்தா முதுகைக் காட்டி நின்னுட்டு இருந்தார், பின்னாடி இவ்வளவு பெரிய வண்டி நிக்கறது அவருக்குத் தெரியலை. ஹாரன் அடிக்க மனசு வரலை, கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டேன். அப்புறம் ஓஎம்ஆர்ல வி8 முழிச்சு ஒரு உறுமல் விட்டதெல்லாம் சரி, ஆனா மனசுல நிக்கறது தாத்தா திடுக்கிட்டுத் திரும்பின முகம்தான்.

டிராக் தம்பி, எல்லாரும் இருங்காட்டுக்கோட்டைக்கு வர முடியாதுப்பா. 2023-ல இருந்து சென்னை நகரத்துக்குள்ள காருக்கு வேக வரம்பு 60தான். வாங்கறவங்க முக்கால்வாசி நேரம் அந்த அறுபதுக்குள்ளதான் ஓட்டுவாங்க. அதுல வண்டி என்ன பேசுதுங்கறதும் அனுபவம்தானே?

டிராக் தம்பி
அக்கா, அறுபதுல ஓட்டறதுக்கு 727 எதுக்கு? கோவமா கேக்கலை, நிஜமாவே புரியலை.

பாலவாக்கம்காரன்
மேடம், அந்தத் தாத்தா விஷயம்தான் நான் சொல்ல வந்தது. உள்ள இருக்கற எனக்கே வேகம் தெரியலைன்னா, ரோட்டைக் கடக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஷோரூம்ல இன்னொரு டிரைவ் கேட்டிருக்கேன். இந்தத் தடவை மீட்டர் வேகம் முன்கண்ணாடியில பெரிசா தெரியற மாதிரி வெச்சுட்டு, கம்ஃபர்ட் மோடுலயே திருவான்மியூர் வரைக்கும் வரப்போறேன். வேளச்சேரி சார், ஸ்டெப்னி கேட்டுட்டேன், டிக்கியில இல்லையாம்.