மாடலிலிருந்து வரும் கார்பன் கணக்கை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

வரைகோல்

நிலத்தடி மெட்ரோ வடிவமைப்பில் இரண்டு வருடமாக இருக்கிறேன், ஸ்ட்ரக்சரல் பக்கம். ஒரு நிலையத்தின் பிம் மாடல் (கட்டடத்தின் பாகங்களும் விவரங்களும் அடங்கிய முப்பரிமாணக் கணினி மாதிரி) முடியும் தறுவாயில், "நிலைத்தன்மை பற்றி ஒரு அத்தியாயம் வேண்டும், மாடலிலிருந்தே கார்பன் அளவை எடுத்துப் போட்டுவிடு" என்று மேலிருந்து வந்துவிட்டது. மென்பொருளில் அதற்கென்று ஒரு ஆட்-ஆன் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண்ணைக் கொடுத்தால் சுவரும் ஸ்லாபும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறி, அடியில் மொத்த டன் வந்து நிற்கிறது. பார்க்க அழகுதான்.

ஆனால் நிலையம் எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது. இப்போது அந்த எண் தெரிந்து யாருக்கு என்ன லாபம்? இரண்டே கேள்விகள். இந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தக் கட்டத்தில் அதை வைத்து எதையாவது மாற்ற வழி உண்டா, இல்லை அத்தியாயத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமா?

பழைய_சர்வேயர்

நம்புவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

சுரங்கத்திலிருந்து ஆரம்பிப்போம். உள்விட்டம் 6 மீட்டர், செக்மென்ட் (சுரங்கத்தின் உட்சுவராக அடுக்கும் கான்கிரீட் துண்டு) தடிமன் 300 மிமீ என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 6 கனமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கான்கிரீட் வரும். இரட்டைச் சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12,000 கனமீட்டர். அடுத்து நிலையம். 220 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம், சுற்றிலும் 1 மீட்டர் தடிமனில் டயாஃப்ரம் சுவர் (தோண்டுவதற்கு முன்பே மண்ணில் பள்ளம் வெட்டி வார்ப்பது), 35 மீட்டர் ஆழத்துக்கு என்றால் அந்தச் சுவர் மட்டுமே 17,000 கனமீட்டர். அடித்தளம், கூரை, நடுவில் உள்ள தளங்கள் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. சுரங்கம் துளைக்கும் டிபிஎம் இயந்திரம்தான் புகைப்படத்தில் வரும், பெயர் வைத்துத் தேங்காய் உடைக்காத குறையாக விழா எடுப்பார்கள், ஆனால் சிமென்ட் போய்ச் சேருவது பெரும்பாலும் நிலையம் என்ற அந்தப் பெட்டிக்குள்தான். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் கலவை என்றால் கனமீட்டருக்கு 300 முதல் 400 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஆட்-ஆன் கொடுத்த எண்ணை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து தவறு மூன்று இடங்களில் வரும். சுவரும் ஸ்லாபும் சேரும் இடத்தில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் அதே கான்கிரீட்டை இரண்டு தரம் எண்ணும். கம்பியை யாரும் மாடலில் வரைந்திருக்க மாட்டார்கள், கனமீட்டருக்கு இத்தனை கிலோ என்று ஒரு விகிதம்தான் போட்டிருப்பார்கள், அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "போன ப்ராஜெக்டிலிருந்து" என்பார்கள். ஆழமான டயாஃப்ரம் சுவரில் அந்த விகிதத்தைக் குறைத்துப் போட்டால் எஃகு கணக்கு அடியோடு பொய்யாகிவிடும். மூன்றாவது, தற்காலிக வேலைகள்: பள்ளம் வெட்ட வழிகாட்டும் கைடு வால், சுவர்களுக்கு நடுவே முட்டுக்கொடுக்கும் ஸ்ட்ரட், பள்ளம் சரியாமல் ஊற்றும் பெண்டோனைட் குழம்பு, டிபிஎம் இறங்கும் ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழி. மாடலில் இவை இருக்காது, களத்தில் இருக்கும். போதாததற்கு மாடலில் 100 கனமீட்டர் என்று காட்டும் பேனல் (சுவரில் ஒரு தரம் வார்க்கும் துண்டு) பள்ளத்தில் 105, 110 என்று விழுங்கும், மண் சரிந்த இடத்தையெல்லாம் கான்கிரீட்தானே நிரப்புகிறது.

ஆக, அந்த மொத்த டன் ஒரு தோராயம். இரண்டு மாற்றுகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட உதவும், அதைத் தனியாக எடுத்துச் சட்டம் போட்டு மாட்டக் கூடாது.

களிமண்

நான் மண் பக்கம். மேலே சொன்னதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, ஆனால் மாடலில் மண் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. அப்படியே மண் இருந்தாலும், பத்துப் பதினைந்து போர்ஹோலுக்கு (மண்ணைச் சோதிக்கப் போடும் துளைக்கு) நடுவில் மென்பொருள் தானாக இழுத்த வழவழப்பான பரப்புதான் இருக்கும். அது அவ்வளவு துல்லியமாகத் தெரிவதுதான் ஆபத்து. இரண்டு போர்ஹோலுக்கு இடையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்துக்கு விலையாகத்தான் சுவர் தடிக்கிறது, அடி நீள்கிறது. கூடுதலாக நாலு போர்ஹோல் போட்டு, தோண்டும்போது சுவரின் சாய்வை அளக்கும் இன்க்ளினோமீட்டர் காட்டும் அசைவை அன்றன்றைக்கு மாடலோடு ஒப்பிட்டு, "ஒரு வரிசை ஸ்ட்ரட் தேவையில்லை" என்று தைரியமாக எடுத்துவிட முடிந்தால் அதுதான் டிஜிட்டல் வேலை. நிறம் பூசுவது இல்லை.

அப்புறம் தோண்டிய மண். இதைக் கணக்கில் கடைசி வரியாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். லண்டன் கிராஸ்ரெயில் திட்டத்தில் 30 லட்சம் டன்னுக்கு மேல் மண்ணை எசெக்ஸில் உள்ள வாலசி தீவுக்குக் கொண்டுபோய்ப் பறவைகளுக்கான சதுப்பு நிலம் உண்டாக்கினார்கள், அதிலும் பெரும் பங்கு லாரியில் போகாமல் கப்பலில் போனது. பாரிஸைச் சுற்றி வரும் கிராண்ட் பாரி எக்ஸ்பிரஸில் மொத்தம் 4 கோடி டன்னுக்கு மேல் மண் வரும் என்று முதலிலேயே கணக்கிட்டுத்தான் தொடங்கினார்கள். எந்த ஷாஃப்டிலிருந்து எந்த வாரம் எவ்வளவு வரும், அது சுத்தமான களிமண்ணா, நுரை கலந்து குழம்பான சேறா என்பதைப் பொறுத்தே அது மறுபடி பயன்படுமா, குப்பைமேட்டுக்குப் போகுமா என்பது. இபிபி இயந்திரத்தில் (தோண்டிய மண்ணின் அழுத்தத்தாலேயே முகப்பைத் தாங்கும் டிபிஎம் வகை) நுரை ஏற்றுவதால் மண் தண்ணீராகி வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை ஆற வைக்கவே ஒரு மைதானம் வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லாத் தகவலையும் ஒரே களஞ்சியத்தில் வைத்து நடத்தியதற்கு ஊரே எடுத்துக்காட்டாகச் சொல்லும் திட்டம்தான் அந்த கிராஸ்ரெயில். 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது 2022 மே மாதம் திறந்தது. சிக்னலும் நிலையங்களும் ஒன்றோடொன்று பொருந்தி வேலை செய்ய வைப்பதில் இழுத்துக்கொண்டது. கோப்பு ஒழுங்காக இருந்தால் மட்டும் ரயில் ஓடிவிடாது.

வரைகோல்

நன்றி சார், இரண்டு பேருக்கும். கையால் போட்டுப் பார்த்தேன். மாடலில் நடுத்தளம் சுவருக்குள் முழுத் தடிமனுக்கும் போயிருக்கிறது, அதில் மட்டும் நாலு சதவீதம் அதிகமாகக் காட்டியிருக்கிறது, வெட்கமாக இருக்கிறது. மென்பொருள்களுக்கு இடையே மாடலைப் பரிமாறும் பொது வடிவமான ஐஎஃப்சி கோப்பாக மாற்றினால் கைடு வால் போன்றவை வகையே இல்லாத பொதுப் பொருளாக விழுகின்றன. 2024-இல் ஐஎஸ்ஓ தரநிலையான ஐஎஃப்சி 4.3-இல் ரயில், சாலை, பாலம் எல்லாம் வந்துவிட்டது, நம் சுரங்கம்தான் இன்னும் வரிசையில் நிற்கிறது போல.

சரி, இன்னொன்று. சிமென்ட்டில் பாதிக்கு மேல் ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடு) போட்டால் எண் சட்டென்று குறைகிறது. அதையே பரிந்துரைத்துவிடலாமா?

பழைய_சர்வேயர்

போடலாம், தப்பில்லை, நிலத்தடியில் சல்பேட்டைத் தாங்கவும் நல்லது. டயாஃப்ரம் சுவருக்கு முழுச் சுமை வர மாதக்கணக்காகும், அதனால் 28 நாள் வலிமைக்குப் பதில் 56 நாள் வலிமையை ஏற்கும்படி விவரக்குறிப்பை மாற்றச் சொல்லுங்கள், சிமென்ட் இன்னும் குறையும். ஆனால் ஸ்லாக் இரும்பு ஆலையில் மிஞ்சுவது. இரும்பு எவ்வளவு உருகுகிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். நீங்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் பக்கத்துத் திட்டத்துக்குக் குறையும், உலகக் கணக்கில் அப்படியேதான் இருக்கும். கான்கிரீட்டையே குறைப்பதுதான் நிஜமான குறைப்பு. செக்மென்ட்டை 300-இலிருந்து 275 மிமீ ஆக்கினால் மீட்டருக்கு அரை கனமீட்டர், இரட்டைச் சுரங்கத்தில் கிலோமீட்டருக்கு ஆயிரம் கனமீட்டர் மிச்சம். கம்பிக் கூட்டுக்குப் பதில் எஃகு இழை போட்டால் எஃகும் குறைய வாய்ப்பு உண்டு, தூக்கும்போதும் ஜாக் தள்ளும்போதும் விரிசல் விடாதா என்று சோதித்துக்கொண்டு.

காற்றுப்பாதை

தாமதமாக வருகிறேன். எல்லோரும் கான்கிரீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பெட்டி ஏன் அவ்வளவு பெரியது என்று யாரும் கேட்கவில்லை. பயணிகள் நடக்கும் இடம் போக மீதியில் பெரும் பகுதி எங்கள் ஆட்களுடையது: விசிறி அறை, ஏர்கண்டிஷன் அறை, மின் அறை. ஒவ்வொருவரும் "எதற்கும் இருக்கட்டும்" என்று பத்து சதவீதம் கூட்டுவார்கள், அது அடுத்தவர் கூட்டிய பத்தின் மேல் உட்காரும். கடைசியில் நிலையம் இருபது மீட்டர் நீண்டுவிடும். தீயும் புகையும் எப்படிப் பரவும் என்று சிஎஃப்டி (காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) ஓட்டிப் பார்ப்பதை அனுமதி வாங்கும் சடங்காகக் கடைசியில் செய்யாமல், அறைகளின் அளவு முடிவாவதற்கு முன்னால் செய்தால் விசிறி சிறுக்கும், அறை சிறுக்கும், பெட்டியும் சிறுக்கும். சுரங்கக் காற்றைக் கணக்கிடும் எஸ்இஎஸ் மென்பொருள் 1970களிலிருந்தே இருக்கிறது, கருவி இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

கணினியே இல்லாத காலத்து யோசனை ஒன்று. 1900-இல் திறந்த லண்டன் சென்ட்ரல் பாதையில் நிலையங்களைச் சற்று மேடாக வைத்தார்கள். உள்ளே வரும் ரயில் ஏறும்போது தானாக வேகம் குறையும், கிளம்பும்போது சரிவு தள்ளிவிடும். பிரேக் சூடும் குறைவு, மின்சாரமும் குறைவு. மேட்டில் இருப்பதால் நிலையத்தின் ஆழமும் குறைகிறது பாருங்கள். அதே ஊரில்தான் நூறு வருட ரயில் சூட்டில், 14 டிகிரியில் இருந்த களிமண் பல இடங்களில் 20-ஐத் தாண்டிவிட்டது, இப்போது கைவிடப்பட்ட சிட்டி ரோடு நிலையத்தின் காற்று ஷாஃப்டிலிருந்து அந்தச் சூட்டை உறிஞ்சி 2020 முதல் வீடுகளைச் சூடாக்குகிறார்கள்.

வரைகோல், உங்கள் நிலையத்தில் ஆழத்தை இனி தொட முடியாது என்றால் விசிறி அறைகளின் அளவு எந்தத் தேதியில், யார் கொடுத்தது என்று தேடிப் பாருங்கள்.

வரைகோல்

தேடினேன். கான்செப்ட் கட்டத்தில் கொடுத்தது, அதற்குப் பிறகு விசிறியின் அளவு இரண்டு தடவை குறைந்திருக்கிறது, அறையை யாரும் குறைக்கவில்லை. கிழக்குக் கோடியில் 6 மீட்டர் சும்மா கிடக்கிறது. சுவர், ஸ்லாப், தோண்டும் மண் மூன்றையும் அந்த 6 மீட்டருக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அந்த ஒரு பக்கத்தைத்தான் காட்டப்போகிறேன். அத்தியாயம் அப்புறம்.

களிமண்

அந்தக் கோடியில் போர்ஹோல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். சுவரை உள்ளே தள்ளினால் மண் அறிக்கையும் கூடவே நகர வேண்டும்.