மறு: கிறிஸ்டல் கிளாஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

> படிகக் கண்ணாடி என்றே வைத்துவிடலாமே, சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

எனக்கு உடன்பாடில்லை ஐயா. அணுக்கள் ஒழுங்காக அடுக்கி நிற்பதைத்தான் வேதியியலில் படிகம் என்கிறோம்: உப்பு, கற்கண்டு, வைரம். கண்ணாடியில் அந்த அடுக்கே கிடையாது, எவ்வளவு விலை உயர்ந்த கோப்பையானாலும் சரி. ஐரோப்பாவில் இந்தப் பெயர் வந்தது அதன் தெளிவால். 15ஆம் நூற்றாண்டில் வெனிசை ஒட்டிய முரானோ தீவில் நிறமில்லாத கண்ணாடி செய்தவர்கள், மலைப்படிகம் போல இருந்ததால் அதைக் கிறிஸ்டல்லோ என்றார்கள்.

அந்தத் தெளிந்த கல்லுக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. "அடுத்தது காட்டும் பளிங்கு" என்று குறள் சொல்வது அதைத்தான். மணிமேகலை புகுந்த பளிக்கறையும் அதனால் ஆனதே. ஆகவே என் பரிந்துரை: பளிங்குக் கண்ணாடி. இன்று பளிங்கு என்றதும் மார்பிள் நினைவுக்கு வரும், உண்மைதான். ஆனால் கண்ணாடி என்று சேர்த்துச் சொன்னால் யாரும் தரைக்கல் என்று நினைக்கமாட்டார்கள்.

ஈயம் கலந்ததை ஈயப் பளிங்குக் கண்ணாடி என்று பிரித்தே சொல்ல வேண்டும். லண்டனில் கண்ணாடித் தயாரிப்பாளர் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் காப்புரிமை பெற்ற கண்ணாடி நுண்விரிசல் விட்டு மங்கியது. ஈய ஆக்சைடு சேர்த்த பிறகுதான் தேறியது. சுண்டினால் மணிபோல நீளும் ஒலி, மினுமினுப்பு, தேய்க்கும் சக்கரத்துக்கு இணங்கும் மென்மை எல்லாம் ஈயம் தந்தவை. 1969இன் ஐரோப்பிய விதிப்படி 24 விழுக்காடாவது ஈய ஆக்சைடு இருந்தால்தான் ஈயக் கிறிஸ்டல் என்ற பெயர். 30 இருந்தால் முழு ஈயக் கிறிஸ்டல்.

அப்புறம், கட் கிளாசுக்கு வெட்டுக் கண்ணாடி என்ற சொல் வேண்டவே வேண்டாம். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் முதலில் கோப்பையின் மேல் மையால் கட்டம் போடுகிறார்கள். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்து, சுழலும் வைரச் சக்கரத்தில் கோடு கோடாக அழுத்தித் தேய்க்கிறார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கோப்பை வீண். திருச்சியில் நகைக்கல் வேலை செய்பவர்கள் இதே வேலையைப் பட்டை தீட்டுவது என்பார்கள். பட்டை தீட்டிய கண்ணாடி என்றால் கேட்டவுடன் புரியும்.

ஊதிய கோப்பையை மணிக்கணக்கில் மெல்ல ஆறவிடும் உலைக்குக் குளிர்விப்பு உலை என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி மாதிரி ஒலிக்கிறது. ஆற்றுலை எனலாமா? ஆற்றுமணல், ஆற்றுநீர் என்பவற்றோடு குழம்புமோ என்பதுதான் என் தயக்கம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.